ஆப் செய்யிறதுக்கு முதல் எங்கட ஊருக்கு ஒருக்கா வாங்க

மதிப்புக்குரிய பொலிஸ் மா அதிபர் ஐயாவுக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுல இருக்கிற ஆக்களுக்கும், வெறுப்புக் குற்றத்த ஃபோன்லயே முறையிடுற மாதிரி ஆப் செய்யப் போறம் எண்டு ஹோட்டல்ல வேர்க்ஷொப் வைக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். திருகோணமலைல கொட்டியாரக் குடாவுக்கு இந்தப் பக்கம் சின்ன ஒரு கொமினிகேசன் கடை வச்சிருக்கிறன், ஊர் பேர் வேணாம், ஏன் வேணாம் எண்டு போகப் போக விளங்கும். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் ஃபோம், ஓஎல் ரிசல்ட், கட்டார்ல இருக்கிற புருசனுக்கு வீடியோ கோல், எல்லாம் என்ட கடைலதான். கொழும்புல இருந்து கவர்மென்ட் எத டிஜிட்டல் ஆக்கினாலும் கடைசில வந்து விழுறது என்ட மேசைலதான், ஏனெண்டா இஞ்ச கனபேரிட்ட ஃபோன் இருக்கு ஆனா ஃபோம் நிரப்பத் தெரியா, நிரப்பத் தெரிஞ்ச பிள்ளையள் ஊர்ல இல்ல.

அண்டைக்கு உப்புவெளிப் பக்கம் நடந்த ஒரு வேர்க்ஷொப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. துணிப் பேக் ஒண்டு, பேனை ஒண்டு, பகலுக்கு புரியாணி. பெரிய ஸ்க்ரீன்ல ஆப் ஓடிச்சு, படத்த எடு, மெப்புல இடத்தக் குத்து, சப்மிட் அமத்து, ரெண்டு நிமிசத்துல முறைப்பாடு முடிஞ்சுது எண்டு ஒரு தம்பி நல்ல வடிவா விளங்கப்படுத்தினவர். நான் கையத் தூக்கி, முறைப்பாடு போனாப் பிறகு ஆரு வருவாங்க, எதுல வருவாங்க எண்டு கேட்டன். நேரம் போச்சு அக்கா, டீ ப்ரேக்ல கதைப்பம் எண்டார். டீ ப்ரேக்ல அவரக் காணல்ல. அந்தக் கதையத்தான் இஞ்ச எழுதுறன், நீளமாப் போனா குறை நினைக்காதீங்க.

முதல்ல ஒரு ராத்தாட விசயம். வழமையா ரீலோட் போட வாறவங்க, அண்டைக்கு ஃபோனப் பேக்குக்குள்ள இருந்து எடுத்தாங்க, மழைக்கு ஷொப்பிங் பேக்ல சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தாங்க, கண்ணாடி சிலந்தி வலை மாதிரி வெடிச்சிருந்திச்சு. தூரத்துல ஒரு டவுனுக்குப் போகக்குள்ள பஸ்ல ஏறின இடத்துல ஒருத்தன் ஃபர்தாவக் கழட்டிட்டு ஏறு எண்டிருக்கிறான், மற்றவனுகள் சிரிச்சிருக்கிறானுகள், ஒருத்தன் அத வீடியோவும் எடுத்து பேஸ்புக்ல போட்டிருக்கிறான். கீழ இருந்த கொமன்ட் எல்லாம் நான் வாசிச்சன், இஞ்ச எழுத மாட்டன். ராத்தா கேட்டது ஒண்டே ஒண்டு: இத எங்கயாவது சொல்ல ஏலுமா பிள்ள? ஏலும் எண்டு நானும் பெருசாச் சொல்லிட்டு ஒரு வெப்சைட்டத் திறந்தன். பேர் கேட்டிச்சு, குடுத்தாங்க. ஐடென்டிட்டி கார்ட் நம்பர், குடுத்தாங்க. விலாசம் கேக்கக்குள்ள கொஞ்சம் யோசிச்சாங்க. பிறகு ஓடிபி வரும் எண்டு நம்பர் கேட்டிச்சு. அந்த சிம் மூத்த மகன்ட பேர்ல, பிரச்சினை வந்தா பொடியனத்தானே தேடி வருவாங்க எண்டு கேட்டாங்க. நான் பதில் சொல்ல வாய் திறக்கிறதுக்குள்ள ரப்பர் பேண்டத் திருப்பிப் போட்டுட்டாங்க. நூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டுட்டுப் போனாங்க.

உங்கட ரிப்போட்டுல இத "முறைப்பாடு பூர்த்தியாகவில்லை" எண்டு ஒரு நம்பரா எண்ணுவீங்க, இல்லாட்டி எண்ணவே மாட்டீங்க.

மற்றது மொழி. 1987ல 13வது திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி ஆயிட்டு, வடக்கு கிழக்குல நிர்வாகமே தமிழ்லதான் நடக்கோணும் எண்டு யாப்புல இருக்கு. ஆனா நான் பாத்த ஒரு ஃபோம்ல "தமிழ்" எண்ட பட்டன அமத்தினா தலைப்பு மட்டும் தமிழ் ஆகும், உள்ளுக்குக் கேள்வியெல்லாம் சிங்களம், பிழை விட்டா வாற சிவப்பு எழுத்து இங்கிலீஸ். இன்னொண்டுல தமிழ் முழுசா இருந்திச்சு, முதல் வரியே "உங்கள் இன வெறுப்பை இங்கே பதிவு செய்யவும்". நானும் கடைல நிண்ட பொடியனும் வயிறு நோகச் சிரிச்சம், பிறகு யோசிச்சுப் பாத்தா அந்தப் பெட்டிக்குள்ள எழுதச் சொல்லி ஒரு வயசான ஐயாவக் கொண்டு வந்து இருத்தினா அவர் என்ன நினைப்பார். மெஷினால மொழிபெயர்த்து அப்பிடியே ஒட்டினதுதான், வேற ஒண்டுமில்ல. தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு அர மணித்தியாலம் காட்டியிருந்தாத் திருந்தியிருக்கும்.

நீங்க உங்கட பேப்பர்ல "தொலைதூரத் தீவுச் சமூகங்கள்" எண்டு எழுதுறீங்க, நெடுந்தீவு நயினாதீவு எல்லாம் அதுல வரும், சரி. ஆனா தீவு எண்டா சுத்திவரக் கடல் இருக்கிறது மட்டும் இல்ல. 2009 ஒக்டோபர்ல கிண்ணியாப் பாலம் திறக்கிற வரைக்கும் நாங்க டவுனுக்குப் போறதெண்டா பாதைல ஏறோணும், இல்லாட்டி மூதூர் ஜெட்டில லோஞ்சுக்குக் காவல் நிக்கோணும். பாதை எண்டா ரோட்டு இல்ல, ஆக்களையும் வாகனத்தையும் ஏத்தி அக்கரைக்கு இழுக்கிற மிதப்பு, வெளியூர்த் தம்பிமாருக்காகச் சொல்றன். பாலம் வந்தாப் பிறகும் 2021 நவம்பர் 23ம் திகதி குறிஞ்சாக்கேணில பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளையள் செத்தது. 2025 நவம்பர் கடைசில டிட்வா புயலோட மாவிலாறு உடைச்சு தண்ணி வந்தப்ப இந்தப் பக்கம் திருப்பியும் தீவுதான், டவரும் இல்ல, கரன்ட்டும் இல்ல. அதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல்தான் டவுன் கடற்கரைல ராத்திரி புத்தர் சிலை வச்சு, பொலிஸ் எடுத்து, அடுத்த நாள் திருப்பிக் கொண்டு வந்து வச்சு, ஃபோனைத் திறந்தா மூண்டு மொழிலயும் ஏச்சு. சிலை பற்றி ஆளுக்கு ஆள் ஒரு நியாயம் வச்சிருப்பினம், அது வேற கதை. அந்த ரெண்டு கிழமையும் என்ட கடைக்கு வந்து இது எனக்குப் பயமாக் கிடக்கு எண்டு ஸ்க்ரீன்ஷொட் காட்டின ஆக்கள்ல ஒருத்தராவது முறைப்பாடு போட்டாங்களா எண்டு கேட்டா, இல்ல.

என்ட மச்சாள்ட மகள் ஒராள் ஸ்கொட்லாந்துல ஷெட்லண்ட் எண்ட தீவுக் கூட்டத்துல முதியோர் இல்லத்துல வேலை செய்றா. அபர்டீன்ல ராத்திரிக் கப்பல் ஏறினா விடியத்தான் லேர்விக் போய்ச் சேருமாம், மொத்தமே இருபத்து மூவாயிரம் மட்டில சனம், எங்கட மூதூர விடக் குறைவு. அவ ஒருக்கா அனுப்பின வொய்ஸ்ல சொன்னது என்ட மண்டைக்குள்ள நிண்டுட்டுது. "மாமி, இஞ்ச ஒருத்தன் என்னைப் பாத்து ஏதும் சொன்னா, அவன்ட அம்மாக்குத்தான் நான் பின்னேரம் மருந்து குடுக்கிறன், அவன்ட தங்கச்சிதான் கடைல காசு வாங்கிறவ, பொலிஸ்காரன் அவனோட ஒண்டாப் படிச்சவன். ஒன்லைன்ல போடுறது லேசு, போட்டாப் பிறகு எங்க போய் ஒளிக்கிறது?" கேட்டோண்ண, இவ ஷெட்லண்டுல இருக்கிறாளா எங்கட ஒழுங்கைல இருக்கிறாளா எண்டு இருந்திச்சு.

அவங்கட நாட்டுல ஒரு நல்ல சட்டம் இருக்கு எண்டும் அவதான் சொன்னவ, பிறகு நானும் தேடி வாசிச்சன். 2018ல கொண்டு வந்த தீவுகள் சட்டம். அரசாங்க அமைப்பு ஒண்டு புதுசா ஒரு திட்டம் கொண்டு வரக்குள்ள, தீவுல இருக்கிற ஆக்களுக்கு அது மற்ற இடத்த விட நல்லா வித்தியாசமாப் போய் முடியும் போல இருந்தா, எப்பிடிப் போய் முடியும் எண்டு முதல்லயே கணக்குப் பாத்து எழுதோணும். எடின்பரோல நல்லா ஓடுற சாமான் லேர்விக்ல ஓடாது எண்டு சட்டமே ஒத்துக்கொள்ளுது. எங்கட நாடே ஒரு தீவு, ஆனா கொழும்பு பத்துக்குச் சரி வந்தா வெருகலுக்கும் சரி வரும் எண்டுதான் இன்னும் நினைப்பு.

இப்ப நான் சொல்ல வந்த விசயம். மாவட்டத்துல கரையோரமா ஒரு ஊர், பேர் சொல்ல மாட்டன். பிள்ளையார் கோயில் முன்மண்டபத்துல ராத்திரியோட ராத்திரியா ஆரோ கெட்ட வசனம் எழுதி, விளக்குத் தூணையும் சரிச்சு விட்டிருந்தாங்க. ஊர்ல ஒரு பொடியன் அதப் படம் எடுத்து, பேர் போடாமத்தான் முறைப்பாடு அனுப்பினவன், நான்தான் அனுப்பக் காட்டிக் குடுத்தன், அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் இருக்கு. பேர் இல்ல, நம்பர் இல்ல, எல்லாம் சரி எண்டு நினைச்சம். நாலஞ்சு நாளால ஒரு பொலிஸ் நிலையத்து ஜீப் நேரா அவங்கட வீட்டு வாசல்ல வந்து நிண்டிச்சு. எப்பிடி எண்டு கேளுங்க. படம் மேல இருந்து எடுத்த படம். கோயிலப் பாத்த மாதிரி மேல் மாடி இருக்கிற வீடு அந்த ஊர்ல ஒண்டே ஒண்டுதான், அதுவும் பாதி கட்டி நிக்கிது, தகப்பன் சவூதில இருந்து காசு அனுப்ப அனுப்பக் கட்டினது. படத்தப் பாத்தோண்ண ஊர்ப் பிள்ளை ஒவ்வொண்டும் சொல்லும் இது இன்னார் வீட்டு ஜன்னல் எண்டு.

வந்த ஒஃபிசர் கெட்டவர் எண்டு நான் சொல்லல்ல. மரியாதையாத்தான் கதைச்சாராம், தேத்தண்ணியும் குடிச்சாராம். ஆனா ஜீப் முக்கால் மணித்தியாலம் வாசல்ல நிண்டிச்சு. ஒழுங்கைல எத்தின சைக்கிள் போயிருக்கும், எத்தின மீன்காரர் போயிருப்பாங்க. பின்னேரம் கடையடிக்கு வந்த ஒவ்வொருத்தரும், எழுதினவன்ட சொந்தக்காரர் உட்பட, முறைப்பாடு ஆரு போட்டது எண்டு தெரிஞ்சு வச்சிருந்தாங்க. எழுதினவன் ஆரு எண்டும் அவங்களுக்கு முந்தியே தெரியும், அது வேற. பொடியன் மட்டக்களப்புல பெரியம்மா வீட்டுக்குப் போய் நிண்டு படிச்சான், மேல் மாடி ஜன்னலுக்குத் தாய் தகரம் அடிச்சுட்டா.

கொழும்புக்கு அனுப்பின முறைப்பாடு ஏன் திருப்பி அதே நிலையத்துக்கு வந்திச்சு? அதுதான் நடைமுறையாம், சம்பந்தப்பட்ட பிரதேசத்துக்கு அனுப்பி வைப்பாங்களாம். சுத்திச் சுத்தி சுப்பற்ற கொல்லைக்குள்ள எண்டு எங்கட ஆக்கள் சொல்ற மாதிரி, சட்டலைட் வரைக்கும் போய்ட்டு மூண்டு கட்டை தூரத்துல வந்து இறங்குது. பக்கத்து நிலையத்துல சொல்லப் பயத்துலதானே அந்தப் பொடியன் ஃபோன்ல அனுப்பினவன்.

இதத்தான் ஆப் செய்யிற பிள்ளையள் விளங்கிக்கொள்ளோணும். நகரத்துல ரகசியம் எண்டா பேர மறைக்கிறது. எங்கட மாதிரி இடத்துல பேர் ஒரு பொருட்டே இல்ல, எந்த ஜன்னல், எத்தினை மணி, எந்த நாய் குலைக்கிற சத்தம் வீடியோல கேக்குது, எந்த வசனத்துல முறைப்பாடு எழுதியிருக்கு, இதுல ஏதும் ஒண்டு காணும் ஆளைப் பிடிக்க. மெப்புல சிவப்புப் புள்ளி போட்டு சம்பவங்களக் காட்டுவம் எண்டு ஸ்லைடுல பாத்தன், கொழும்புல அது நூறு புள்ளிக்குள்ள ஒரு புள்ளி, நாப்பது குடும்பம் இருக்கிற ஊர்ல அது ஒரு வீட்டுக் கதவுல அடிச்ச ஆணி. தயவு செய்து பிரதேச செயலகப் பிரிவுக்குக் கீழ புள்ளி போடாதீங்க.

படத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற விபரமும் இருக்கு. ஃபோன்ல லொகேசன் ஓன்ல இருந்தா, எடுத்த நேரம், எடுத்த இடம் எல்லாம் படத்துக்குள்ளயே எழுதுப்பட்டிருக்கும். வாட்ஸ்அப்ல சும்மா படமா அனுப்பினா அது அதுகள உரிச்சு, சைஸையும் குறைச்சுத்தான் அனுப்பும், டொகியுமென்டா அனுப்பினா அப்பிடியே போகும். 1995ம் ஆண்டு 14ம் இலக்கச் சாட்சியச் சட்டத்தால ரெக்கோடிங், கம்பியூட்டர்ப் பதிவு எல்லாம் கோட்டுல எடுபடும், ஆனா கை வைக்காத ஒரிஜினல் கையில இருந்தாத்தான் பலம். அப்ப கோட்டுக்குப் பலமா இருக்கிற அதே சாமான்தான் ஊருக்குள்ள ஆளக் காட்டிக் குடுக்கிறது. இந்த முடிச்ச அவிழ்க்கிறது ஆப் செய்யிற ஆக்கள்ட வேலை: ஒரிஜினல் பூட்டின பெட்டிக்குள்ள கொழும்புல இருக்கட்டும், நிலையத்துக்குப் போறது ஜன்னல் தெரியாத, நேரம் இல்லாத, எங்கட ஊர்ப் பேச்சு இல்லாத ஒரு சுருக்கமா இருக்கட்டும். கஷ்டம்தான், ஆனா ரெண்டு நிமிசத்துல முறைப்பாடு போடுற வித்தை செய்யத் தெரிஞ்ச ஆக்களுக்கு இது ஏலாத காரியமா?

சனம் ஏன் இவ்வளவு பயப்பிடுது, கொஞ்சம் தைரியமா வரலாம்தானே எண்டு அந்த வேர்க்ஷொப்புல ஒரு மேடம் கேட்டவ. அவ கெட்ட நோக்கத்துல கேக்கல்ல. 2006 ஜனவரி 2ம் திகதி டவுன் கடற்கரைல அஞ்சு மாணவர்களச் சுட்டது. சாட்சி சொல்ல இருந்தவங்க பயந்து நாட்ட விட்டே போனாங்க, 2019 ஜூலைல சாட்சி போதாது எண்டு அந்த வழக்குல பிடிபட்டிருந்த 13 பேரும் விடுதலை. அதே 2006 ஓகஸ்ட்ல மூதூர்ல பட்டினிக்கெதிரான அமைப்புல வேலை செஞ்ச 17 பேரச் சுட்டுக் கொலை செஞ்சது, இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தண்டனை இல்ல. அதுக்கே இல்லாத நியாயம் சுவத்துல எழுதினதுக்கா கிடைக்கப் போகுது பிள்ள எண்டு என்னட்டக் கேட்ட ஐயாக்கு நான் என்ன சொல்றது. சாட்சிகளப் பாதுகாக்க 2015ல ஒரு சட்டம் வந்திச்சு, 2023ல 10ம் இலக்கமா திருப்பிப் புதுசா வந்திச்சு. என்ட கடைக்கு வாற ஒருத்தருக்காவது அது இருக்கிறது தெரியுமா எண்டு நானே கேட்டுப் பாத்தன், தெரியா. ஆப்பத் திறந்தோண்ண முதல் பக்கத்துல ஃபோட்டோ போடாம அந்தச் சட்டம் உங்களுக்கு என்ன தரும் எண்டு நாலு வரி தமிழ்ல போடுங்க.

சட்டம் எண்டு வந்தா இன்னொரு சிக்கல். இஞ்ச வெறுப்புக் குற்றம் எண்டு தனியா ஒரு சட்டம் இல்ல. தண்டனைச் சட்டக் கோவைல 291ஏ, 291பி மத உணர்வப் புண்படுத்துறதப் பற்றிச் சொல்லுது, 2007ம் ஆண்டு 56ம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள்) சட்டத்துட 3ம் பிரிவு இன மத வெறுப்பத் தூண்டுறதுக்குப் பத்து வருசம் வரைக்கும் தண்டனை வச்சிருக்கு. அந்தச் சட்டத்த ஆருக்கு எதிராப் பாவிச்சாங்க? 2019 மே மாசம் ஹசலகல ஒரு முஸ்லிம் பொம்பிளை போட்டிருந்த உடுப்புல பௌத்தத் தர்மச் சக்கரம் இருக்கு எண்டு பிடிச்சு ரெண்டு கிழமைக்கு மேல உள்ள வச்சாங்க. அது கப்பல் சுக்கான். கப்பல் சுக்கான் ஐயா. எங்கட துறைமுகத்துல அஞ்சு வயசுப் பிள்ளையக் கேட்டாலும் சொல்லும். அதனாலதான் சொல்றன், ஒரு பட்டனக் கையில குடுத்தா அது ரெண்டு பக்கமும் வெட்டும், பலம் உள்ளவன் முதல்ல அமத்துவான். 2024ல வந்த ஒன்லைன் பாதுகாப்புச் சட்டத்துக்கும் எல்லாப் பக்கத்தாலயும் எதிர்ப்பு வந்தது இந்தப் பயத்துலதான்.

ஸ்கொட்லாந்துலயும் இந்தக் கூத்து நடந்திருக்கு. 2021ல பாஸ் பண்ணின வெறுப்புக் குற்றச் சட்டம் 2024 ஏப்ரல் 1ம் திகதி நடைமுறைக்கு வந்திச்சு, முதல் கிழமையே ஒன்லைன்ல ஏழாயிரத்துக்கு மேல முறைப்பாடு, கனக்க முறைப்பாடு பேர் போடாம வந்தது, அதுல வெறுப்புக் குற்றம் எண்டு பதிஞ்சது 240. அரசியல் கோவத்துல போட்டதும் பகிடிக்குப் போட்டதும் மலை மாதிரி வந்து உண்மையா அடி வாங்கினவன்ட ஒண்டு அதுக்குக் கீழ கிடந்திருக்கும். இதக் காட்டி ஒன்லைனே வேணாம் எண்டு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. வடிகட்ட ஆள் வேணும், அவ்வளவுதான், அதுவும் தமிழ் தெரிஞ்ச ஆள். 2018ல கண்டிப் பக்கம் திகனல முஸ்லிமாக்கள்ட கடை வீடெல்லாம் எரியக்குள்ள பேஸ்புக்குக்கு ரிப்போட் பண்ணிப் பண்ணிக் கை நொந்ததுதான் மிச்சம், மொழி தெரிஞ்சு பாக்க அங்க ஆள் காணாது. ரெண்டு வருசம் கழிச்சு 2020 மே மாசம் அவங்களே மன்னிப்புக் கேட்டாங்க. அம்பாறைல முஸ்லிம் கடைச் சாப்பாட்டுக்குள்ள மலட்டு மாத்திரை போடுறாங்க எண்டு பரப்பினதும் அதே ஃபோன்லதான், ஆய்வு செஞ்சு பாத்தா மாக்கட்டி.

இதெல்லாம் அவங்கள் இவங்களுக்குச் செய்யிறது மட்டும் எண்டும் நினைக்காதீங்க. தமிழாக்கள் முஸ்லிமாக்களப் பற்றி வாட்ஸ்அப் குரூப்ல போடுறதையும் முஸ்லிமாக்கள் தமிழாக்களப் பற்றிப் போடுறதையும் நான் ரெண்டு குரூப்லயும் இருந்து பாக்கிறன். 2018ல டவுன்ல ஒரு பள்ளிக்கூடத்துல ரீச்சர்மார் அபாயா உடுத்த விசயத்துல தமிழ்ல எழுதினத வாசிச்சு நான் வெக்கப்பட்டிருக்கிறன். ரெண்டும் தமிழ்ல இருக்கிறபடியா சிங்கள ஒஃபிசருக்கு ரெண்டும் ஒண்டாத்தான் தெரியும், அதுலயும் ஆள் விளங்கிப் பாக்கோணும்.

சரி, குறையே சொல்லிட்டிருக்கிறன், என்ன வேணும் எண்டும் சொல்றன்.

பொலிஸ் மா அதிபர் ஐயா, 2025ல உங்களுக்கு நேரா அனுப்ப ஒரு வாட்ஸ்அப் நம்பர் குடுத்தீங்க, ஆணைக்குழுக்கு 1996 எண்ட ஃபோன் நம்பர் இருக்கு, டவுன்ல ஒஃபிஸும் இருக்கு. நல்லது, உண்மையாச் சொல்றன். அதுக்கு மேல, இன மத வெறுப்பு முறைப்பாடு எண்டா அது பக்கத்து நிலையத்துக்குப் போகாம மாவட்டத்துக்கு வெளில தமிழ் தெரிஞ்ச ஒரு மேசைக்குப் போகட்டும், பொம்பிளை ஒஃபிசர் ஒராளாவது அதுல இருக்கட்டும். முறையிட்டவரக் கேக்காம ஒருத்தரும் வீட்டுக்கு வரக் கூடாது. எழுத ஏலாதவங்க வொய்ஸ்ல சொல்லட்டும், எங்கட சனம் வொய்ஸ்ல கதைச்சா கோயில் திருவிழாவையே நேர்முக வர்ணனை செய்யும், ஃபோமக் கண்டாத்தான் ஊமை. சிக்னல் இல்லாத இடத்துல ஃபோன்லயே சேவ் ஆகி டவர் கிடைக்கக்குள்ள போகட்டும், பாதி நிரப்பினது அழிஞ்சு போறதால எத்தின பேர் எழும்பிப் போயிருக்காங்க தெரியுமா. சிம் ஆற்ற பேர்ல எண்டு கேக்காதீங்க. முறைப்பாட்டு நம்பர் ஒண்டு குடுங்க, அத வச்சு பேர் சொல்லாம கவர்மென்ட் தகவல் நம்பர் 1919க்கு அடிச்சாவது என்ன நடந்திச்சு எண்டு கேக்கக் கூடியதா இருக்கோணும். இது வெறுப்பா சும்மா சண்டையா எண்டு வாசல்லயே தீர்ப்புச் சொல்லித் திருப்பி அனுப்பாதீங்க. லண்டன்ல ஸ்டீபன் லோரன்ஸ் எண்ட கறுப்பினப் பொடியன்ட கொலைய விசாரிச்ச மக்பர்சன் அறிக்கை 1999லயே சொல்லிட்டுது, பாதிக்கப்பட்டவரோ வேற ஆருமோ இனவெறி எண்டு நினைச்சா பொலிஸ் முதல்ல அப்பிடியே எழுதோணும், பிறகு விசாரிக்கோணும் எண்டு. பொலிஸ் நிலையம் இல்லாத வேற இடத்துலயும், இருவத்து நாலு மணித்தியாலமும் சொல்ல வசதி வேணும் எண்டும் அதுலதான் இருக்கு.

அந்த வேற இடம் எண்டதுக்கு ஸ்கொட்லாந்துல ஒரு பகிடி. முறைப்பாடு எடுக்கிற நிலையங்கள் எண்டு பொலிஸ் குடுத்த லிஸ்ட்டுல ஒரு காளான் பண்ணையும் இருந்திச்சு. பேப்பர்காரர் எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான் சிரிக்கல்ல. காளான் பண்ணைக்குப் போறவள ஒருத்தரும் ஏன் போறாய் எண்டு கேக்க மாட்டாங்க. அதுதான் விசயமே. பொலிஸுக்குப் போனா ஊர் கேக்கும், ஆணைக்குழு ஒஃபிஸ் ஏறினா பஸ்ஸுக்குள்ளயே கேக்கும், என்ட கடைக்கு வந்தா ரீலோட் போடப் போறா எண்டுதான் நினைப்பாங்க. அப்ப என்ட கடையாவது, கூட்டுறவுக் கடையாவது, பிரதேச சபை வாசிகசாலையாவது, தையல் சொல்லிக் குடுக்கிற வீடாவது, ஊருக்கு ஒண்டு பாத்து எடுத்து, இருக்கிறவங்களுக்கு ஒழுங்காப் பழக்கிக் குடுங்க. வாயப் பொத்தி வச்சிருக்க மாட்டாத ஆள எடுக்காதீங்க, அது முக்கியம். போட் மட்டும் அடிக்காதீங்க. "வெறுப்புக் குற்ற முறைப்பாட்டு நிலையம்" எண்டு மூண்டு மொழில போட் அடிச்சு ரிப்பன் வெட்டி ஃபோட்டோ எடுத்தீங்க எண்டா அண்டைக்கே கடைய மூடலாம்.

என்னட்ட ஒரு சீஆர் கொப்பி இருக்கு. முறைப்பாடு போடாமப் போனவங்கட விசயத்த அதுல எழுதி வைக்கிறன், பேர் இல்லாம, ஊர் இல்லாம, மாசம் மட்டும் போட்டு. ராத்தாட பஸ் விசயமும் இருக்கு. வேணுமெண்டா அந்தக் கொப்பியக் காட்டுறன், கொண்டு போகத் தர மாட்டன், படம் எடுக்கவும் விட மாட்டன், என்ட கையெழுத்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.

கடை காலம எட்டரைக்குத் திறப்பன். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் ரோட்டுல ஒரு ஈ காக்கா இருக்காது, அந்த நேரம் வந்தீங்க எண்டா இருந்து ஆறுதலாக் கதைக்கலாம், ஆப்பையும் கொண்டு வாங்க, ராத்தாவக் கூப்பிட்டு அவங்கட அந்த வெடிச்ச ஃபோன்லயே போட்டுப் பாப்பம். ஒண்டு மட்டும், ஜீப்புல வராதீங்க. பாலத்தடில இறங்கி ஓட்டோ பிடிச்சு, போட்டோகொப்பி அடிக்க வந்த மாதிரி ரெண்டு பேப்பரக் கையில வச்சிட்டு வாங்க.

இப்படிக்கு,
கொமினிகேசன் அக்கா